வருஷக்கணக்கில் சண்டை நடத்தும் சர்வாதிகாரியின் கஜானா ஏன் காலியாவதில்லை?

புதுவயலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டுக் கூரையைப் பிரித்து வேலை பார்த்தபோது மேல்வீட்டு அறையில் ஒரு தகரப்பெட்டி அகப்பட்டதாம். அது நிறைய ஜப்பான்காரன் காலத்துப் பர்மா ரூபாய் நோட்டு. அதைப் பார்த்ததும் அவருக்கு எழுந்த கேள்வி இது: "இப்படிக் காகிதத்தை அச்சடித்து வருஷக்கணக்கில் போர் நடத்தும் சர்வாதிகார ஆட்சிகள், பொருளாதாரம் நொறுங்கித் தாமாகவே விழுந்துவிட வேண்டாமா? மியன்மாரில் இத்தனை காலமாக ஏன் விழவில்லை? அங்கே ஜனங்கள் எப்படித்தான் சமாளிக்கிறார்கள்?" கூடவே, அந்த நோட்டுகளுக்கு இன்று ஏதும் மதிப்பு உண்டா என்றும் கேட்கிறார்.

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு நாட்டின் பொருளாதாரம் எப்போது நொறுங்கும் என்பது ஒன்று. அந்த நாட்டை ஆள்கிறவர்களின் பிடி எப்போது தளரும் என்பது இன்னொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவதும் கையோடு நடந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறோம். நான் படித்த வரலாற்றில் இரண்டுக்கும் நடுவே பத்து வருஷம், இருபது வருஷம்கூட ஓடியிருக்கிறது. அந்த இடைக்காலத்துச் செலவை ஜனங்கள் தங்கள் அரிசியிலும் ஆயுளிலும் கட்டித் தீர்த்திருக்கிறார்கள்.

நான் காரைக்குடியில் முப்பத்தொரு வருஷம் கல்லூரி மாணவர்களுக்குப் பணமும் வங்கியும் பற்றிப் பாடம் நடத்தியவன். அதற்கு முன்பே இந்த விஷயம் வீட்டிலேயே எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் ஐயா பர்மாவில் பியாப்போன் ஊரில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளராக, இருந்தார். 1942 தொடக்கத்தில் கப்பல் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டு, ஜப்பான் காலம் முழுவதையும் பார்த்துவிட்டு 1946-ல்தான் ஊர் திரும்பினார். போர்த்தந்திரமும் ஆயுதமும் என் படிப்பில்லை. பணம், விலை, பங்கீடு, கடன் இவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நம் பக்கத்தில் எதையும் ஒரு கடையின் ஐந்தொகையாக, வரவு பற்றுக் கணக்காகப் பார்த்தே பழகிவிட்டோம். வரவைவிடப் பற்று கூடிக்கொண்டே போனால் கடை நொடித்துப்போகும், கடையின் பெயர் கெடும், பெட்டியடியில் ஆள் இருக்க மாட்டான். அரசாங்கம் அந்த மாதிரி நொடிப்பதில்லை. கடைக்காரரால் கணக்கை மட்டுமே எழுத முடியும்; அரசாங்கம் அளக்கிற படியையே சிறிதாக்கிக்கொள்ளும். போர்ச் செலவுக்கு வரி போடலாம், கடன் வாங்கலாம். அவை போதாதபோது நோட்டு அடிக்கலாம். நோட்டும் செல்லாதபோது நெல்லையும் மாட்டையும் லாரியையும் ஆளையும் நேராகவே எடுத்துக்கொள்ளலாம். தேர்தலில் பதில் சொல்ல வேண்டிய அரசுகளும் போர்க்காலத்தில் இதில் பெரும்பாலானதைச் செய்தவைதான். ஆனால் அங்கே "போதும்" என்று சொல்ல ஒரு சபையும் பத்திரிகையும் இருந்தன. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை பிரிட்டனில் ரொட்டிக்குப் பங்கீடே வரவில்லை. அதே பிரிட்டன், அங்குள்ள ஜனங்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாமல் வங்காளத்தை ஆண்டபோது, 1943-ல் ஏறக்குறைய 30 லட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டார்கள். ஆகவே ஆட்சியின் பெயர் எதுவாக இருந்தாலும், பசித்தவனுக்கு ஆள்கிறவனைக் கேள்வி கேட்க வழி இருந்ததா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன். 1930-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்கில் அங்கே நகரத்தாரின் வட்டிக்கடைகள் சுமார் 1,650. அவற்றில் போட்டிருந்த முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியாமல் போக, 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் நம்மவர் பெயருக்கு வந்துவிட்டது. அந்த நிலத்தால் பர்மியக் குடியானவர்களுக்கு நம்மீது ஏற்பட்ட கசப்பு நியாயமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கையில். லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் தாமு, மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள்; பல்லாயிரம் பேர் வழியிலேயே காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் போனார்கள்.

வந்த ஜப்பானியர்கள் தங்கள் படைக்கு வேண்டியதைக் கொள்ளையடித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "விலைக்கு" வாங்கினார்கள். அதற்காக அடித்ததுதான் உங்கள் கையில் இருக்கும் நோட்டு. எடுத்துப் பாருங்கள்: வரிசை எண் இருக்காது, ஆங்கில எழுத்து 'பி' யில் தொடங்கும் இரண்டு மூன்று எழுத்துகள் மட்டும் இருக்கும். பி என்றால் பர்மா. மலாயாவுக்கு அடித்ததில் எம். எத்தனை நோட்டு வெளியே போயிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வழியே வைக்காமல் அச்சடித்த பணம் அது. பொருள் சந்தையில் குறைந்துகொண்டே போக, நோட்டு கூடிக்கொண்டே போனது. விலை ஏறியது என்று சொல்வதுகூடச் சரியில்லை. விலை என்ற ஒன்றே பிறகு இல்லாமல் போனது.

போருக்கு முன் ஆண்டுக்கு 30 லட்சம் டன் அளவுக்கு அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா, உலகிலேயே முதலிடம். போர் முடிவதற்குள் நெல் பயிரான நிலம் கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கியது. கப்பல் இல்லை, எனவே வாங்க ஆளில்லை. உழவு மாட்டைப் படை அடித்துத் தின்றது, மிச்சத்தை மாட்டுநோய் கொண்டுபோனது. ஆட்களை சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்தார்கள். 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துவரப்பட்ட தமிழர்களும் பர்மியர்களுமாகப் பல்லாயிரம் பேர் அதில் மாண்டார்கள். இன்னொன்றை நம் ஊரார் கவனிக்க வேண்டும்: நடவுக்கு முன்பணம் கொடுக்கும் கடைகள் மூடிவிட்டன. வட்டி கொடுமையாகத்தான் இருந்தது, ஆனால் அந்த முன்பணம் இல்லாமல் விதையும் கூலியும் இல்லை. தெற்கே டெல்டாவில் நெல் விலைபோகாமல் கிடக்க, வடக்கே ஜனங்கள் அரிசிக்கு அலைந்தார்கள். நடுவே ரயிலும் படகும் படைக்குப் போய்விட்டன. துணி முழுக்க இறக்குமதியை நம்பியிருந்ததால் சாக்கை உடுத்த வேண்டிய நிலை வந்தது.

எங்கள் ஐயா ஒரு சிறு குறிப்பேடு வைத்திருந்தார். 1942-ல் எல்லாம் ரூபாய், அணாவில் இருக்கிறது. அடுத்த வருஷப் பக்கங்களில் ரூபாய்க்குப் பக்கத்திலேயே "இத்தனை படி" என்று ஒரு சிறு குறிப்பு வரத் தொடங்குகிறது. 1944-ன் நடுவில் ரூபாய்ப் பத்தியே இல்லை. உப்பு, அரிசி, நூல்கண்டு, தீப்பெட்டி இவைதான் பற்றிலும் வரவிலும் இருக்கின்றன. வட்டிக்கடையில் பழகிய கை, பணத்தில் கணக்கு எழுதுவதை நிறுத்தியது. ஒரு நாட்டின் பணம் செத்த தேதியை இதைவிடத் துல்லியமாக எந்த அரசு அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் படை அதற்குப் பிறகும் ஒரு வருஷம் அங்கேயே இருந்தது. ஜனங்களுக்குச் செல்லாத பணத்தால் அதிகாரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. 1945-ல் பிரிட்டிஷார் திரும்பி வந்து அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதுவரை உழைப்புக்கு ஈடாக அதை வாங்கிச் சேர்த்தவனுக்குத்தான் முழு நஷ்டம்.

இதற்கு நேர்மாறான ஒரு நோட்டின் கதையும் இருக்கிறது, அது ஈராக்கில். சதாம் உசேன் 1980 செப்டம்பரில் ஈரான்மீது படையெடுத்தபோது நாட்டின் கையில் சுமார் 3,500 கோடி டாலர் கையிருப்பு. சீக்கிரம் முடிந்துவிடும் என்ற கணக்கில், சண்டை நடப்பதே பாக்தாத்துக்குத் தெரியக் கூடாது என்று முதல் இரண்டு வருஷம் இறக்குமதியைக் கூட்டினார், சாலையும் ஓட்டலும் கட்டினார், மாண்ட சிப்பாய்களின் வீட்டுக்குக் காரும் மனையும் கொடுத்தார். வளைகுடாத் துறைமுகங்கள் அடிபட்டன. 1982-ல் சிரியா தன் வழியாகப் போன எண்ணெய்க் குழாயை மூடியது. கையிருப்பு கரைந்தது. பிறகு குவைத், சவூதி கடன். 1988 ஆகஸ்டில் சண்டை நின்றபோது எல்லை தொடங்கிய இடத்திலேயே இருந்தது. கடன் மட்டும் 8,000 கோடி டாலர் அளவில் நின்றது. படையைக் கலைத்தால் வேலை இல்லாத லட்சக்கணக்கான வாலிபர்கள் ஆயுதப் பயிற்சியோடு ஊர் திரும்புவார்கள். கலைக்காவிட்டால் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. இரண்டே வருஷத்தில் அவர் குவைத்துக்குள் நுழைந்தார். கடனும் எண்ணெய் விலையும் அதற்குப் பெரிய காரணங்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் அதிகப் பிணக்கில்லை. ஒரு நீண்ட போர் பொருளாதாரத்தைத் தின்றபோது ஆட்சி விழவில்லை. அடுத்த போரைத் தேடிப் போனது. அந்த 1990-ல்தான் குவைத்திலிருந்து ஏறக்குறைய 1,70,000 இந்தியர்கள் அம்மான் வழியாக வெறுங்கையோடு விமானம் ஏறி வந்தார்கள்.

ஐ.நா. தடை வந்தபின் ஈராக் வெளிநாட்டில் நோட்டு அச்சடிக்க முடியவில்லை. உள்நாட்டில் மட்டமான காகிதத்தில் சதாம் படம் போட்டு அடித்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1980-ல் ஒரு தினாருக்கு மூன்று டாலருக்கு மேல் கிடைத்தது. 1990களின் நடுவில் ஒரு டாலருக்கு இரண்டாயிரம் தினாருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. 1993-ல் பழைய 25 தினார் நோட்டைச் செல்லாது என்று அறிவித்து, எல்லையையும் மூடினார்கள். வடக்கே குர்துப் பகுதி அப்போது பாக்தாத்தின் கையில் இல்லை. அங்கே ஜனங்கள் அந்தப் பழைய நோட்டையே வைத்துக்கொண்டார்கள். 'சுவிஸ் தினார்' என்று அதற்குப் பெயர். அதன் பின்னால் எந்த அரசும் இல்லை, எந்த வங்கியும் இல்லை. புதிதாக ஒன்றுகூட அடிக்க முடியாது என்ற ஒரே காரணத்தால் அதன் மதிப்பு நின்றது, ஏறவும் செய்தது. 2003-ல் புதிய தினார் வந்தபோது சதாம் தினாருக்கு ஒன்றுக்கு ஒன்று கொடுத்தார்கள். சுவிஸ் தினார் ஒன்றுக்கு 150 கொடுத்தார்கள். நம் மொழியில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குவேன்.

ஜனங்களின் வாழ்க்கை எப்படி மாறுகிறது என்று கேட்டீர்கள். குண்டு விழும் இடத்தைப் பற்றிச் செய்தியில் வருகிறது. குண்டு விழாத தெருவில் நடப்பது பல வருஷம் கழித்துத்தான் வெளியே தெரிகிறது. முதலில் போவது சம்பளக்காரனின் வாழ்வு. 1990களின் ஈராக்கில் ஆசிரியரின் மாதச் சம்பளம் சில டாலர்தான். ஆசிரியர்கள் டாக்சி ஓட்டினார்கள். பாக்தாத்தின் முத்தனப்பி தெருவில் பேராசிரியர்கள் தங்கள் வீட்டுப் புத்தகங்களைத் தரையில் விரித்து விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பர்மாத் தேக்குத் தூணும் கதவும் பெல்ஜியம் கண்ணாடியும் விலைக்கு நிற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது புரியாத காட்சியில்லை. வெண்கலப் பாத்திரம் முதலில் போகும், பிறகு நகை, பிறகு கதவு, கடைசியில் வீடு. நம் வீடுகளில் அது இரண்டு மூன்று தலைமுறையில் நடந்தது. அங்கே ஐந்தாறு வருஷத்தில் நடந்து முடிந்தது.

அடுத்தது பங்கீடு. ஈராக்கில் 1990 செப்டம்பரிலிருந்து மாவு, அரிசி, சர்க்கரை, தேயிலை, எண்ணெய் எல்லாம் நம் ரேஷன் கடை மாதிரியே தெருத்தெருவாக ஏஜெண்டுகள் மூலம் வந்தன. அந்த ஏற்பாடு பட்டினிச் சாவைப் பெருமளவு தடுத்தது என்பதை மறுக்க முடியாது. அதே அட்டை கழுத்துக் கயிறாகவும் ஆனது. படையிலிருந்து ஓடிப்போனவனின் குடும்பத்துக்கு அட்டை பறிபோகலாம் என்றால், அந்த வீட்டுத் தாய் மகனை என்ன சொல்லி வளர்ப்பாள்? வறுமை கூடக்கூட ஜனங்கள் ஆட்சியை அதிகம் சார்ந்திருக்க வேண்டியதாகிறது. "வயிறு காய்ந்தால் கிளர்ச்சி வரும்" என்ற எண்ணம் பல இடங்களில் பொய்த்துப்போவதற்கு இது ஒரு காரணம். வரிசையில் நிற்கும் நேரமும் இன்னொரு காரணம். நாள் முழுவதும் மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் அலைகிறவனுக்குக் கூட்டம் போட நேரமில்லை.

மூன்றாவது, வாலிபர்கள். எரித்ரியாவில் சட்டப்படி நாட்டுப்பணி 18 மாதம். 1998-லிருந்து 2000 வரை எத்தியோப்பியாவோடு நடந்த போருக்குப் பிறகு அது முடிவில்லாததாகிவிட்டது. இருபது வயதில் போனவன் நாற்பதிலும் சொற்பச் சம்பளத்துக்கு அரசு சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கிறான், அல்லது எல்லை தாண்டி ஓடுகிறான். ஆள் குறைந்த ஊரில் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். ஈராக்கில் 1980களில் அலுவலகங்களில் பெண்கள் நிறைந்தார்கள். சம்பளத்துக்கு மதிப்புப் போன 1990களில் அவர்களே முதலில் வீட்டுக்குத் திரும்பினார்கள். போர் தந்த உரிமை என்று அதைக் கொண்டாடி எழுதியவர்கள் அந்த இரண்டாம் பாதியை எழுத மறந்துவிட்டார்கள்.

நாஜி ஜெர்மனியைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே போர் முடியும் தறுவாய்வரை ஜெர்மானியக் குடும்பங்கள் பட்டினி கிடக்கவில்லை. பிடிபட்ட நாடுகள் கிடந்தன. பிரான்ஸ் மட்டும் நாளொன்றுக்கு 2 கோடி ரைக்ஸ்மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) ஆக்கிரமிப்புச் செலவாகக் கட்டியது. 1941-42 குளிர்காலத்தில் கிரேக்கத்தில் பஞ்சம். 1944-ல் எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட அந்நியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் வலுக்கட்டாயமாக, ஜெர்மன் ஆலைகளிலும் வயல்களிலும் இருந்தார்கள். 1936-லேயே விலைகளை உறையவைத்துவிட்டதால் பணவீக்கம் வெளியே தெரியவில்லை. கையில் மார்க் நிறைய, கடையில் சாமான் இல்லை. தோல்விக்குப் பிறகு சிகரெட்தான் பணம். 1948 ஜூனில் பணத்தை மாற்றியபோது சேமிப்பு நூற்றுக்கு ஆறரையாகச் சுருங்கியது. மறைத்துவைத்த விலையை அடுத்த ஆட்சிக் காலத்தில் அடைத்தார்கள்.

இப்போது மியன்மார். அங்கே கரேன் என்ற சிறுபான்மை இனத்தாரோடு 1949-ல் தொடங்கிய உள்நாட்டுச் சண்டை முழுசாக நின்றதே இல்லை. 1962 மார்ச் 2-ல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் வங்கி, கடை, ஆலை எல்லாம் அரசுடைமை. 1964 மே 17-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். நம் ஊர்களில் பர்மா காலனி என்று இருப்பதெல்லாம் அவர்கள் இறங்கிய இடங்கள். திரும்பிப் போகப் பார்த்து எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் மணிப்பூரின் மோரே ஊரில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது. 1985-ல் மறுபடி நோட்டு ஒழிப்பு. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை மாற்றிக்கொள்ள வழியே இல்லாமல் ஒழித்தார்கள். பதிலுக்கு 45, 90 என்று ஒன்பதால் வகுபடும் நோட்டுகள் வந்தன. அந்த டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. உலகத்துக்கே அரிசி போட்ட நாடு அது. குடியானவன் நெல்லை அரசு சொன்ன மலிவு விலைக்குக் கொடுக்க வேண்டும் என்றானபின், அவன் தேவைக்கு மேல் விளைவிப்பதைக் குறைத்துக்கொண்டான்.

1960களில் பர்மிய ராணுவம் வகுத்த 'நான்கு வெட்டு' என்ற முறையை உங்கள் கேள்விக்கு நேர்ப் பதிலாகச் சொல்லலாம். கிளர்ச்சிக்காரர்களுக்கு உணவு, பணம், தகவல், ஆள் இந்த நான்கும் போகாமல் வெட்டுவது. இவை நான்கும் கிராமத்திலிருந்துதான் போகும். ஆகவே கிராமத்தைக் காலி செய்வது, களஞ்சியத்தை எரிப்பது, அரிசி கொண்டுபோகிறவனைப் பிடிப்பது. பொருளாதாரம் அழிவது இங்கே போரின் பக்கவிளைவே இல்லை, அதுதான் போர்முறை. 2021 பிப்ரவரி 1 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு அதே முறை திரும்பி வந்திருக்கிறது. உலக வங்கிக் கணக்கில் அந்த ஒரே ஆண்டில் நாட்டின் உற்பத்தி 18 சதவீதம் சுருங்கியது. டாலருக்கு 1,330 கியாட் அளவில் இருந்தது, 2024 ஆகஸ்டில் வெளிச்சந்தையில் ஒரு கட்டத்தில் 6,000-ஐத் தாண்டியது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்நாட்டிலேயே அகதிகள். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் சம்பாத்தியத்தில் கால்வாசியை அரசு வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று 2023-ல் உத்தரவு வந்தது. அரசு விகிதத்துக்கும் வெளி விகிதத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆட்சிக்குப் போகும். சிங்கப்பூரில் மகனை வைத்திருக்கும் நம் வீடுகளுக்கு அதன் வலி சொல்லாமலே விளங்கும். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவையும் வந்தது. இத்தனைக்கும் நடுவே எரிவாயு, ரத்தினம், மரம் விற்ற பணம் படைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஜனங்கள் உழைத்தால்தான் வருமானம் என்ற நிலையில் இல்லாத ஆட்சிக்கு, ஜனங்களின் வறுமை உடனடியான ஆபத்தாவதில்லை.

அப்படியானால் இவை விழுவதே இல்லையா? விழுகின்றன. போர்ச்சுகல் 1961-லிருந்து தன் ஆப்பிரிக்கக் காலனிகளான அங்கோலா, போர்ச்சுகீசிய கினியா, மொசாம்பிக் மூன்றிலும் அடுத்தடுத்துச் சண்டையில் இறங்கியது. பட்ஜெட்டில் பெரும்பங்கு படைக்கு. வாலிபர்கள் பிரான்சுக்கு ஓடியதால் 1960களில் நாட்டின் ஜனத்தொகையே குறைந்தது. ஆனால் பொருளாதாரம் அந்தப் பத்தாண்டில் நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தது! ஆட்சியைக் கவிழ்த்தது பசித்த கூட்டமில்லை. மூன்றாவது, நான்காவது முறையாக ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட, பதவி உயர்வுச் சட்டத்தால் மனம் கசந்த கேப்டன்கள், 1974 ஏப்ரல் 25-ல். சிரியாவில் போருக்கு முன் டாலருக்கு 50 பவுண்டுக்குள் இருந்தது, 2024-ல் 15,000-ஐ நெருங்கியது. அந்த டிசம்பர் 4-ந் தேதி அதிபர் அசாத் சிப்பாய்களின் சம்பளத்தை ஐம்பது சதவீதம் கூட்டி ஆணையிட்டார். டிசம்பர் 8-ல் ஆட்சியே இல்லை. சிப்பாய்கள் சீருடையைக் கழற்றித் தெருவில் போட்டுவிட்டுப் போனார்கள். 1917-ல் ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராடில் ரொட்டி வரிசையில் நின்ற பெண்கள்தான் தொடங்கினார்கள் என்பது உண்மை. ஜார் மன்னரின் ஆட்சி முடிந்தது அவர்களைச் சுட மறுத்த காவற்படை கட்சி மாறியபோது. ஆகவே அரிசி விலையைவிட, துப்பாக்கி பிடிக்கிறவனுக்குச் சம்பளமும் நம்பிக்கையும் இருக்கிறதா என்பதையே நான் கவனிக்கச் சொல்வேன்.

இதில் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதைச் சொல்லவில்லை என்பதையும் பிரித்துவிடுகிறேன். நீண்ட போர் நாணய மதிப்பைத் தின்னும், சம்பளக்காரனையும் குடியானவனையும் முதலில் அடிக்கும், போர் நின்ற பிறகும் அதன் கடன் நிற்கும், இவை உறுதி. பொருளாதாரத் தடைகள் இப்படிப்பட்ட ஆட்சிகளின் ஆயுளைக் குறைக்கின்றனவா, கூட்டுகின்றனவா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் இரண்டு கட்சியாகவே இருக்கிறார்கள். இடத்துக்கு இடம் விடை மாறுகிறது. எந்த ஆட்சி எந்த வருஷம் விழும் என்று எங்கள் படிப்பால் சொல்ல முடியாது. டிசம்பர் 2024-க்கு ஒரு மாதம் முன்புகூட அசாத் நிலைத்துவிட்டார் என்றுதான் பெரும்பாலானோர் எழுதினார்கள். புள்ளிவிவரத்திலும் எச்சரிக்கை வேண்டும். 1999-ல் ஈராக் அரசின் உதவியோடு ஐ.நா. குழந்தைகள் நிதியம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து ஐந்து லட்சம் குழந்தைகள் கூடுதலாக இறந்தார்கள் என்று உலகம் முழுவதும் பேசினார்கள். நானும் வகுப்பில் அதைச் சொல்லியிருக்கிறேன். சதாம் போனபின் எடுத்த கணக்கெடுப்புகளில் அப்படி ஒரு ஏற்றமே தெரியவில்லை. முந்தையது திரிக்கப்பட்டது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். குழந்தைகள் துன்பப்படவில்லை என்று இதற்குப் பொருளில்லை. துன்பத்தின் அளவைச் சொல்லும் அதிகாரமும் ஆட்சியின் கையில் இருந்தது என்று பொருள்.

அதனால்தான் உங்கள் பெட்டிமேல் எனக்கு இவ்வளவு அக்கறை. அந்த நோட்டுகள் ஏராளமாக அடிக்கப்பட்டவை, தமிழ்நாட்டில் பல வீடுகளில் கிடக்கின்றன. பழங்காசு சேகரிப்பவர்கள் வாங்குவார்கள், பெரிய தொகை கிடைக்காது. நோட்டை எடுத்துவிட்டுப் பெட்டியின் அடியைப் பாருங்கள். துண்டுச் சீட்டு, கடிதம், பனையோலை, கணக்குப் புத்தகக் கிழிசல் எதுவானாலும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கரையான் மருந்தும் அடிக்க வேண்டாம், வெயிலிலும் காயப்போட வேண்டாம்; நிழலில் காற்றாட விரித்துவையுங்கள். தமிழ் எண்ணில், மா, காணி, முந்திரி என்ற பழைய பின்னக் கணக்கில் எழுதியிருந்தால் இப்போது வாசிக்க ஆள் குறைவு. எனக்கு இன்னும் வாசிக்க வரும். 1943, 1944 வருஷத்துப் பக்கம் ஏதாவது இருந்து, அதில் ரூபாய்க்குப் பக்கத்தில் படிக்கணக்கு தென்பட்டால், அதை மட்டுமாவது படம் எடுத்து அனுப்புங்கள்.